காற்று தணிந்த பிறகு வந்த அலை: ஒரு சரக்குக் கப்பல் விபத்தின் முழு விவரம்

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி, ஒரு ஜூலை மாதக் காலை பத்தரை மணிவாக்கில், அரிசி ஏற்றிப்போன ஒரு சரக்குக் கப்பலின் முன்தளத்தில் அலை ஏறியது. அங்கே நின்ற ஏ.பி.யின் இடது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்தன. விலாவில் மூன்று இடத்தில் விரிசல். ஏ.பி. என்றால் மேல்தளத்தில் வேலை செய்கிற, பழகிய மாலுமி. இவர் பத்து வருடமாகக் கப்பல் ஏறுகிறவர், காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் ஒரு கிராமத்துக்காரர். கப்பலுக்கோ சரக்குக்கோ சொல்லும்படியான சேதம் எதுவும் இல்லை.

கவனிக்க வேண்டியது நேரத்தைத்தான். இரண்டு இரவும் ஒரு பகலும் அடித்த காற்று அன்று விடியும்போதே தணிந்துவிட்டது. எஞ்சின் வேகத்தைக் கூட்டியிருந்தார்கள். சமையல்காரர் அடுப்பில் முழுப் பானை ஏற்றியிருந்தார். எல்லாரும் 'முடிந்தது' என்று மூச்சு விட்ட பிறகு விழுந்த அடி இது. கடலில் ஆட்கள் அடிபடும் சம்பவங்களில் இந்த வகை அதிகம் பேசப்படுவதில்லை. புயலின் உச்சத்தில் நடந்தால் கதை ஆகிறது, ஓய்ந்த பிறகு நடந்தால் 'அவன் கவனமாக இருந்திருக்கலாம்' என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. கம்பெனியின் அறிக்கையும் ஏறக்குறைய அப்படித்தான் முடிந்தது. அந்த முடிவு போதாது என்று நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சீஃப் ஆபீசராக, அதாவது கேப்டனுக்கு அடுத்த அதிகாரியாக, இருந்து கரை இறங்கியவன், இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். கையில் பிளேட் வைத்து வீடு திரும்பிய அந்த ஏ.பி.யைப் போய்ப் பார்த்தேன். தன்னிடம் இருந்த காகிதங்களை எல்லாம் எடுத்து வைத்தார்: மருத்துவ அறிக்கை, கம்பெனி காட்டிய விசாரணைச் சுருக்கம், தன்னுடைய ஓய்வு நேரப் பதிவின் நகல். அந்த நகலைப் பெறுவது மாலுமியின் உரிமை. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, அதாவது எம்.எல்.சி., அதைச் சொல்கிறது. இவர் கேட்டு வாங்கி வைத்திருந்தார். கப்பலின் போசனிடமும், அதாவது மேல்தள மாலுமிகளின் தலைவரிடமும், போனில் பேசினேன். கப்பல் பெயர், கம்பெனி பெயர், ஆட்களின் பெயர் எதையும் போடவில்லை. இவர் மறுபடி கப்பல் ஏற வேண்டியவர்.

எங்கள் பக்கத்துக்கும் கப்பலுக்கும் பழைய சொந்தம் உண்டு. எங்கள் வீடுகளின் வளவுத் தூண்களுக்குத் தேக்கு பர்மாவிலிருந்து கடல் வழியாக வந்தது. 1926-இல் கட்டப்பட்ட ராஜூலா என்ற பயணிக் கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1970-களின் தொடக்கம் வரை போய்வந்தது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்ய, போன கதை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அதெல்லாம் கப்பலில் போனவர்களின் கதை. அந்தக் கப்பலில் கயிறு இழுத்தவன், கரி அள்ளியவன் பற்றி எங்கள் வீடுகளில் பேச்சே கிடையாது. இன்றைக்கு இங்கிருந்து போகிற பிள்ளைகள் அந்த வேலைக்குத்தான் போகிறார்கள். சம்பளம் டாலரில் என்பது வீட்டுக்குத் தெரியும். அங்கே ராத்திரி எப்படித் தூங்குகிறான் என்பது தெரியாது.

காக்கிநாடாவில் தொடங்கியது

கப்பல் சுமார் 190 மீட்டர் நீளம், 32 மீட்டர் அகலம், சரக்கு வைக்க ஐந்து ஹோல்டு, நான்கு கிரேன். உலகத்தில் எங்கு போனாலும் காணக்கூடிய சாதாரண பல்க் கேரியர், அதாவது மொத்தச் சரக்குக் கப்பல். ஆட்கள் 22 பேர். சரக்கு, மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும் மூட்டை அரிசி.

காக்கிநாடாவில் கப்பல் கரையை விட்டுத் தள்ளி நங்கூரம் போட்டு நிற்க, மூட்டைகள் பார்ஜில், அதாவது தட்டையான சரக்குப் படகில், வந்து கிரேனில் ஏறின. ஜூன் மாதம், பருவமழை தொடங்கிவிட்ட நேரம். அரிசி நனைந்தால் இழப்பீட்டு வழக்கு கப்பல் தலையில் விழும். அதனால் கருமேகம் தெரிந்தாலே ஹோல்டின் வாயான ஹேட்சை மூட வேண்டும், மழை விட்டால் திறக்க வேண்டும். பகலில் நாலு தடவை, ராத்திரி மூன்று தடவை. படுத்தவனை எழுப்பு, மூடு, படு, மறுபடி எழுப்பு. ஏறக்குறைய மூன்று வாரம் இப்படி ஓடியது.

மூட்டை அரிசிக்கு ஹோல்டின் தரையிலும் பக்கச் சுவரிலும் மூங்கில் பாயும் கிராஃப்ட் பேப்பரும் விரிப்பார்கள். இரும்புச் சுவரில் வியர்க்கும் தண்ணீர் மூட்டையில் படாமல் இருக்க அதுதான் வழி. லோடிங் முடிந்தபோது பேப்பர் உருளைகள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. நங்கூரம் தூக்க அவசரம், ஆட்களுக்குக் கண் சொக்குகிறது. உருளைகளைக் கப்பலின் மூக்கில் இருக்கும் போசன் ஸ்டோரில் போட்டுவிட்டார்கள். கட்டிக்கூட வைக்கவில்லை. இந்தப் பேப்பர் பின்னால் வருகிறது, மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து நாள் ஓட்டம்

இலங்கையின் தென்முனையைச் சுற்றி, பூமத்திய ரேகையைத் தாண்டி, மடகாஸ்கருக்குத் தெற்கே போய், டர்பன் பக்கமாகக் கரையைப் பிடித்து நன்னம்பிக்கை முனைக்கு இறங்குவது வழி. நம் ஏ.பி.க்கு நாலு-எட்டு வாட்ச். அதிகாலை 4 முதல் 8 வரை, மாலை 4 முதல் 8 வரை சீஃப் ஆபீசரோடு, கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் நின்று கடலைப் பார்க்கும் வேலை. காலைச் சாப்பாடு முடிந்து 9 முதல் 12 வரை டெக்கில் ஓவர்டைம்: துரு தட்டுவது, பெயின்ட் அடிப்பது, கயிறு பார்ப்பது. பத்து மணிக்கு டீ. மதியம் குட்டித் தூக்கம். இரவு எட்டரைக்குச் சாப்பிட்டு, வீட்டுக்கு ஒரு வாட்ஸ்அப், ஒன்பதரைக்குப் படுக்கை. 3:20-க்கு எழுப்புவார்கள். மேற்கே போகப் போகக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவதால் சில ராத்திரிகளில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. இதுதான் கப்பலின் நல்ல நாள், இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பெரும்பாலான நாட்கள் இப்படித்தான் போகும்.

ஆனால் ஜூலையில் பூமத்திய ரேகைக்குத் தெற்கே தென்கிழக்கு வணிகக்காற்று பலமாக அடிக்கும். கப்பல் தென்மேற்கே போகிறது, காற்றும் அலையும் தென்கிழக்கிலிருந்து வருகின்றன. அப்படியானால் இடது விலாவில் நேராக மோதல். ஒரு வாரத்துக்கு மேல் கப்பல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருண்டுகொண்டே போனது. பெரிய ஆட்டம் இல்லை, பத்து பன்னிரண்டு டிகிரி. யாரும் இதை மோசமான வானிலை என்று பதிவேட்டில் எழுத மாட்டார்கள். ஆனால் படுக்கையில் உடம்பு உருளாமல் இருக்கத் தசைகள் ராத்திரி முழுக்க வேலை செய்யும். அனுபவப்பட்டவர்கள் மெத்தையின் வெளி ஓரத்துக்கு அடியில் லைஃப் ஜாக்கெட்டைச் செருகி, உடம்பைச் சுவரோடு ஒடுக்கிப் படுப்பார்கள். அப்படியும் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். காக்கிநாடாவில் இழந்த தூக்கத்தைத் திருப்பி எடுத்திருக்க வேண்டிய நாட்கள் இவை. அந்த நாட்களை வணிகக்காற்று தின்றுவிட்டது.

அகுல்யாஸ் நீரோட்டம்

டர்பன், ஈஸ்ட் லண்டன் என்ற இரண்டு தென்னாப்பிரிக்கத் துறைமுகங்களுக்கும் இடைப்பட்ட கடல், கப்பல்காரர்கள் மரியாதையோடு பேசும் இடம். அகுல்யாஸ் நீரோட்டம் கரையை ஒட்டித் தென்மேற்கு நோக்கி ஓடுகிறது. பலமான இடங்களில் மணிக்கு 4, 5 கடல் மைல் வேகம். கடலின் ஆழம் 200 மீட்டரைத் தாண்டிச் சட்டென்று இறங்கும் கோட்டுக்குச் சற்று வெளியே அதன் வேகம் அதிகம். நன்னம்பிக்கை முனை நோக்கிப் போகும் கப்பலுக்கு அது இலவச வேகம். எண்ணெய் மிச்சம், நேரம் மிச்சம்.

குளிர்காலத்தில் சில நாளுக்கு ஒரு தடவை தெற்கிலிருந்து குளிர்முகம் ஒன்று, அதாவது முன்னேறி வரும் குளிர்ந்த காற்றின் விளிம்பு, கடந்து போகும். முதலில் வடகிழக்குக் காற்று, பாரோமீட்டர் இறங்கும், அப்புறம் திடீரென்று காற்று தென்மேற்குக்குத் திரும்பிப் புயல் வேகத்தில் அடிக்கும். தென்மேற்கிலிருந்து வரும் அலை, தென்மேற்கு நோக்கி ஓடும் நீரோட்டத்தை நேருக்கு நேர் எதிர்க்கிறது. எதிர் ஓட்டத்தில் அலையின் நீளம் குறுகும், உயரம் கூடும், முகப்பு சுவர் மாதிரி செங்குத்தாகும். அதற்கு முன்னால் ஆழமான பள்ளம் விழும். கப்பலின் மூக்கு அந்தப் பள்ளத்தில் இறங்கினால், எழுவதற்குள் அடுத்த அலை மேலே இருக்கும். 1909 ஜூலையில் டர்பனிலிருந்து கேப் டவுனுக்குப் புறப்பட்ட வராட்டா என்ற பயணிக் கப்பல் 211 பேரோடு இந்தக் கடலில் காணாமல் போனது. இன்றுவரை கிடைக்கவில்லை. 1968 ஜூனில் வேர்ல்டு குளோரி என்ற எண்ணெய்க் கப்பல் இங்கேதான் இரண்டாக உடைந்தது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் மல்லோரி 1970-களில் இந்த அலைகளை ஆராய்ந்து எழுதினார். தென்மேற்குப் புயல் வரும்போது நீரோட்டத்தை விட்டு 200 மீட்டர் கோட்டுக்கு உள்ளே, கரைப் பக்கமாக ஒதுங்குவது இன்று கேப்டன்களின் பாலபாடம்.

நம் கப்பலின் கேப்டன் அதைச் சரியாகவே செய்தார். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பாரோமீட்டர் இறங்கும்போதே கரைப் பக்கம் ஒதுங்கினார். இரவு ஒன்பது மணிக்குக் காற்று திரும்பியது. காற்றின் பலத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 8, அவ்வப்போது 9. அதாவது 34 முதல் 47 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). வேகத்தைக் குறைத்து, மூக்கைக் காற்றுக்கு நேராக வைத்து, முன்னேறுவதைப் பற்றிக் கவலைப்படாமல் கப்பலைப் பிடித்து நிறுத்தினார். இரண்டு இரவும் அவர் பிரிட்ஜை விட்டு இறங்கவில்லை.

உள்ளே இருந்தவர்களுக்கு அது எப்படி இருந்தது? மூக்கு விழும்போது கப்பல் முழுவதும் ஒரு இடி இறங்கும். அதைத் தொடர்ந்து சில விநாடிகள் இரும்பு முழுக்க நடுங்கும். அலமாரிக் கதவுகளை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். மெஸ் ரூமில் மேசைத் துணியை நனைத்து விரித்தால் தட்டு வழுக்காது, அப்படி விரித்து ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டார்கள். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவே கூடாது, கஞ்சிப் பானையும் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது என்பது கப்பல் சமையலறையின் விதி. வயிறு புரட்டியவர்களுக்கு நம் ஏ.பி.யின் வீட்டிலிருந்து வந்த சீப்புச் சீடையும் நாரத்தங்காய் ஊறுகாயும் உதவின. குமட்டலுக்கு உலர்ந்ததும் உப்பும்தான் தாங்கும். டப்பா இரண்டாவது நாளே காலியாகிவிட்டதாம்.

தூங்கினீர்களா என்று கேட்டேன். "கண்ணை மூடியிருந்தோம்ணே. இடி விழும்போதெல்லாம் முழிச்சுருவோம். மொத ராத்திரி ஒரு மணி நேரம் தூங்கியிருந்தா பெருசு. மறுநா ராத்திரி ரெண்டு மணி நேரம் இருக்கும்."

அலாரம்

மூன்றாம் நாள் விடியற்காலை காற்று பியூஃபோர்ட் அளவில் 5-க்கு இறங்கியது. அந்தச் சமயத்தில் பிரிட்ஜில் போசன் ஸ்டோரின் தண்ணீர் அலாரம் அடித்தது. முன்தளத்தில் ஒரு காற்றுக் குழாயின் மூடி முழுவதும் இறுகாமல் இருந்திருக்கிறது, அது வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது.

இந்த அலாரத்தை அலட்சியம் செய்ய முடியாது. 1980 செப்டம்பரில் ஜப்பானுக்குத் தெற்கே டெர்பிஷயர் என்ற பெரிய பல்க் கேரியர் ஆர்க்கிட் புயலில் 44 பேரோடு மூழ்கியது. மூக்குப் பக்கத்தில் உடைந்த காற்றுக் குழாய்கள் வழியாகத் தண்ணீர் புகுந்து, முன்பகுதி தாழ்ந்து, பிறகு முன் ஹேட்ச் உடைந்தது என்று பின்னாளைய விசாரணை கண்டது. பல்க் கேரியர்களில் முதல் ஹோல்டுக்கு முன்னால் இருக்கும் அறைகளிலும் தண்ணீர் உணரும் கருவி வேண்டும், அந்தத் தண்ணீரைத் திறந்த தளத்தில் ஆள் நடக்காமலே உள்ளிருந்து வெளியேற்ற வழி வேண்டும் என்று சோலாஸ் என்ற சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு விதிகளில் வந்தது இந்த மாதிரி அனுபவங்களுக்குப் பிறகுதான். 'முன்னால் போய்ப் பார்க்க வேண்டும்' என்று சீஃப் ஆபீசர் நினைத்ததில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

முதலில் உள்ளிருந்தே பம்பை ஓட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் இழுவை நின்றுவிட்டது. காக்கிநாடாவில் கட்டாமல் போட்ட கிராஃப்ட் பேப்பர் ஊறிக் கூழாகி, உறிஞ்சு குழாயின் வாயை அடைத்துவிட்டது. ஆள் போகாமல் வேலை முடியட்டும் என்று விதி கட்டிவைத்த வழியை இரண்டு வாரத்துக்கு முந்தைய ஒரு களைப்பு அடைத்துப் போட்டது. அறிக்கையில் இந்தப் பேப்பர் ஒரு வரியில் 'ஒழுங்கற்ற பொருள் வைப்பு' என்று வருகிறது. ஏன் ஒழுங்கற்றுப் போனது என்ற கேள்வி இல்லை.

அந்தக் காலை

எட்டரை மணிக்குக் கப்பல் மெல்ல வெளிப்பக்கம் திரும்பியது. 200 மீட்டர் கோட்டைத் தாண்டி நீரோட்டத்தைப் பிடித்தால் இழந்த நேரத்தை மீட்கலாம். வேகம் 9 நாட். ஒன்பது மணிக்குக் கேப்டன் தூங்கப் போனார், போகத்தான் வேண்டும். பிரிட்ஜில் தேர்டு ஆபீசர், இளம் வயது.

நம் ஏ.பி. நாலு-எட்டு வாட்ச் முடித்து, காலைச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தவர். போசன், அவர், ஏ.பி.க்குக் கீழ்நிலை மாலுமியான ஒரு ஓ.எஸ்., மூன்று பேரும் முன்னால் போவது என்று முடிவானது. வேகத்தை 6 நாட்டுக்குக் குறைத்தார்கள். முன்தளத்துக்கு ஆள் அனுப்புவதற்கு முன் கப்பலைத் திருப்பி, அலையைப் பின்னால் வாங்கிக்கொள்வது பழைய வழக்கம். அப்படிச் செய்தால் மூக்கு காய்ந்திருக்கும். அதற்குக் கேப்டனை எழுப்ப வேண்டும். இரண்டு ராத்திரி நின்றவரை ஒரு மணி நேரத்தில் எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. கடலும் பார்ப்பதற்கு அடங்கியதாகவே இருந்தது.

அடங்கியது காற்றுதான், அலை அடங்கவில்லை. காற்று நின்ற பிறகும் அது கிளப்பிய அலை மணிக்கணக்கில், சில சமயம் நாள் கணக்கில் உருண்டு வரும். நுரை மறைந்து, முகடுகள் வழவழப்பாகி, கண்ணுக்குச் சிறியதாகத் தெரியும். அன்று குறிப்பில் எழுதியிருந்த அலை உயரம் 4 மீட்டர். இந்த எண் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது முக்கியம். வருகிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து அவற்றின் சராசரியைச் சொல்வது அது. பத்து விநாடிக்கு ஓர் அலை என்றால் மூன்று மணி நேரத்தில் ஆயிரம் அலைக்கு மேல் வரும். அவற்றில் மிகப் பெரியது, அந்தச் சராசரியைப் போல ஏறக்குறைய 1.9 மடங்கு இருக்கும் என்பது கடல் அலைகளின் பொதுக் கணக்கு. 4 மீட்டர் கடலில் காத்துக்கொண்டிருப்பது ஏழரை மீட்டர். நீரோட்டத்தின் எதிர்ப்பு அதற்கு மேல்.

போசனும் ஓ.எஸ்.ஸும் ஸ்டோருக்குள் இறங்கினார்கள். கணுக்காலுக்கு மேல் தண்ணீர், பேப்பர்க் கூழ், மிதக்கும் பெயின்ட் டின். ஏ.பி. வெளியே, நங்கூரம் இழுக்கும் விண்ட்லாஸின் மறைவில், உடம்பில் கட்டிய ஹார்னஸைப் பாதுகாப்புக் கயிறான லைஃப்லைனில் மாட்டிக்கொண்டு, வாக்கி-டாக்கியோடு நின்றார். உள்ளிருந்து போசன் ஒரு வாளியும் கயிறும் கேட்டார். ஏ.பி. நகர்ந்தார். லைஃப்லைன் ஒரு இடத்தில் முடிந்து அடுத்தது தொடங்குகிறது, அங்கே கொக்கியைக் கழற்றி மாட்ட வேண்டும்.

"கழட்டுனது ஞாபகம் இருக்குண்ணே. மாட்டுனேனா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை."

பிரிட்ஜிலிருந்த தேர்டு ஆபீசர் முன்னால் பள்ளம் விழுவதைப் பார்த்துவிட்டார். வாக்கி-டாக்கியில் கத்தினார். ஏ.பி. சொன்னது: "சத்தம் கேட்டுச்சு. ஆனா அது எனக்குச் சொல்றாங்கன்னு மண்டைல ஏறலை."

மூக்கு இறங்கியது, அலை ஏறியது. ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை 1,025 கிலோ. முழங்கால் உயரத்துக்கு ஓடினாலே ஆள் நிற்க முடியாது, வந்தது இடுப்புக்கு மேல். தண்ணீர் அவரைத் தூக்கி, ஹேட்ச் பக்கம் இறங்கும் ஏணியின் கைப்பிடிக் கம்பியில் அடித்தது. அந்தக் கம்பி கையையும் விலாவையும் உடைத்தது. அதே கம்பிதான் அவரைக் கடலுக்குப் போகாமல் பிடித்தது.

தேர்டு ஆபீசர் உடனே கேப்டனை எழுப்பினார். கப்பல் திரும்பியது. ஆறு பேர் போய் ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். கைக்கு மரச்சட்டம் வைத்துக் கட்டி, வானொலி வழியாக டாக்டர் சொன்ன வலி மருந்து கொடுத்தார்கள். அன்று மாலை ஈஸ்ட் லண்டன் வெளியே வந்த மீட்புப் படகில் இறக்கினார்கள். கையில் பிளேட் வைத்தது அங்கேதான். முன்தள ஸ்டோரை, கப்பலைத் திருப்பி வைத்துக்கொண்டு, மற்றவர்கள் அரை மணி நேரத்தில் காலி செய்துவிட்டார்கள்.

பதிவேடு சொல்வது

அந்த ஓய்வு நேர நகலை நான் பல தடவை பார்த்தேன். அரை மணி நேரக் கட்டங்கள், வேலை செய்த நேரத்தைக் கறுப்பாக்க வேண்டும். விதி இதுதான்: எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, 7 நாளில் 77 மணி நேரம். ஓய்வை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது, ஒரு துண்டு 6 மணி நேரமாவது இருக்க வேண்டும்.

சாதாரண நாட்களில் இவருக்கு 12, 13 மணி நேர ஓய்வு காட்டியிருக்கிறது. புயல் அடித்த நாளில் 16 மணி நேரம். டெக் வேலையை நிறுத்திவிட்டார்கள், வாட்ச் மட்டும்தான். அதனால் கட்டங்கள் வெள்ளை. முழுப் பயணத்திலும் மிகக் குறைவாகத் தூங்கிய நாள், காகிதத்தில் மிக அதிகம் ஓய்வெடுத்த நாளாக நிற்கிறது. யாரும் பொய் எழுதவில்லை. வேலை இல்லாத நேரம் ஓய்வு என்பதுதான் விதியின் கணக்கு, அந்தக் கணக்கில் கடலின் ஆட்டம் வராது. விசாரணை அதிகாரி இந்தத் தாளைப் பார்த்து 'களைப்பு காரணம் அல்ல' என்று எழுதினார். தாளை மட்டும் பார்த்தால் வேறு எப்படி எழுத முடியும்?

1997-இல் டாசன், ரீட் இருவரும் நேச்சர் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை-கண் ஒத்துழைப்பு, இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. வாட்ச் நிற்கும் மாலுமிக்கு சர்வதேசப் பயிற்சி உடன்படிக்கை வைத்திருக்கும் மது வரம்பும் அதே 0.05. ஒருவர் குடித்திருந்தால் ஊதச் சொல்லிக் கண்டுபிடித்து டெக்கிலிருந்து விலக்குவார்கள், அதற்குக் கருவி இருக்கிறது. இரண்டு இரவில் மூன்று மணி நேரம் தூங்கியவரை விலக்க எந்தக் கருவியும் இல்லை, கேள்வியும் இல்லை. கொக்கியை மாட்டினோமா என்று நினைவில்லாமல் போவது, தனக்கான எச்சரிக்கை தனக்கென்று படாமல் போவது, இரண்டும் இந்த நிலையின் அடையாளங்கள். கவனக்குறைவு என்று குணத்தின் மேல் பழி போட்டால், அதே இடத்தில் நாளை நிற்கும் வேறொரு நல்ல மாலுமிக்கும் இதுதான் நடக்கும்.

விதியிலேயே ஒரு வாசல் இருக்கிறது. கப்பலின் பாதுகாப்புக்காக ஓய்வு நேரத்தை நிறுத்திவைக்கக் கேப்டனுக்கு எம்.எல்.சி. அதிகாரம் தருகிறது. நிலைமை சீரானதும், ஓய்வு நேரத்தில் வேலை செய்தவர்களுக்குப் போதிய ஓய்வு தர வேண்டும் என்றும் சொல்கிறது. இங்கே காகிதப்படி யாருடைய ஓய்வும் நிறுத்தப்படவே இல்லை, அதனால் ஈடு செய்யும் பேச்சும் எழவில்லை. என் கணக்கில் அந்தக் காலை இப்படிப் போயிருக்க வேண்டும்: கரைப் பக்கத்திலேயே, நீரோட்டத்தில் இறங்காமல், மெதுவாகப் போய்க்கொண்டு நாலைந்து மணி நேரம் எல்லாரையும் தூங்க விடுவது. தண்ணீர் ஏறுகிறதா என்று அலாரத்தைக் கவனித்துக்கொண்டு, மதியத்துக்கு மேல் கேப்டன் எழுந்த பிறகு கப்பலைத் திருப்பிவிட்டு ஆள் அனுப்புவது. ஸ்டோரில் தண்ணீர் கணுக்காலுக்குச் சற்று மேல்தான் இருந்தது, மேலே புகும் வேகமும் குறைந்திருந்தது. அதற்கு நேரம் இருந்தது. கப்பலை வாடகைக்கு எடுத்தவருக்கு அரை நாள் தாமதத்துக்கு விளக்கம் எழுத வேண்டியிருந்திருக்கும், அவ்வளவுதான்.

வீட்டில்

அவருடைய அப்பா ஆத்தங்குடிக் கல் போடுகிறவர். கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, வெயிலில் காய வைத்து, தண்ணீரில் ஊறப்போடும் அந்த வேலை முழுக்க மணிக்கட்டு வேலை. மகனின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "மணிக்கட்டு பழையபடி திரும்புமா தம்பி?" டாக்டர் திரும்பும் என்று சொல்லியிருக்கிறார், பிசியோதெரபி நடக்கிறது. ஆத்தா மட்டும் இனிக் கப்பல் வேண்டாம் என்கிறார். அந்தப் பேச்சு அந்த வீட்டில் இன்னும் முடியவில்லை, அதில் நான் தலையிடவில்லை.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை, இங்கே பல வீடுகளுக்கு இது தெரியாது. கப்பலில் வேலையில் இருக்கும்போது அடிபட்டால் மருத்துவச் செலவு கப்பல் முதலாளியுடையது. ஊர் திரும்பிய பிறகும் குறிப்பிட்ட காலம் ஊதியம் உண்டு. எம்.எல்.சி. இரண்டுக்கும் கீழ்வரம்பாக 16 வாரம் வைத்திருக்கிறது, ஒப்பந்தம் அதைவிட அதிகம் தரலாம், குறைக்க முடியாது. இந்தியா 2015-இல் இந்த உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. இவருக்கு முதல் மாதம் பணம் வரவில்லை. ஏஜென்ட்டிடம் கேட்டபோது 'டாக்குமென்ட் வரணும்' என்றார்கள். கப்பலில் கொடுத்த மருத்துவ அறிக்கை, இறங்கிய கடிதம், வேலை ஒப்பந்தம் மூன்றின் நகலும் இவர் கையில் இருந்ததால் இரண்டாவது மாதம் சேர்த்து வந்துவிட்டது. ஒப்பந்தத்தின் ஒரு நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்று என்னிடம் வரும் ஒவ்வொரு பையனுக்கும் சொல்கிறேன்.

விபத்துக்குப் பிறகு கம்பெனி சில மாற்றங்களைச் செய்திருப்பதாகப் போசன் சொன்னார். கேப்டன் பிரிட்ஜில் இல்லாமல் முன்தளத்துக்கு ஆள் போகக் கூடாது. போவதற்கு முன் கப்பலைத் திருப்ப வேண்டும். போசன் ஸ்டோரில் மிச்சப் பேப்பர், பாய் எதுவும் வைக்கக் கூடாது, துறைமுகத்திலேயே இறக்கிவிட வேண்டும். லைஃப்லைன் இடையில் அறுபடாமல் ஒரே நீளமாகக் கட்ட வேண்டும். நான்கும் நல்ல மாற்றங்கள், நான்கும் அந்தக் கப்பலில் இப்போது நடக்கின்றன. ஓய்வு நேரப் படிவம் மட்டும் பழையபடியே இருக்கிறது. அடுத்த குளிர்முகம் வரும் ராத்திரியிலும் அதில் 16 மணி நேரம் வெள்ளையாகத்தான் இருக்கும்.